ராவிலே கரண்டு இருக்காது

நான் செய்த தவற்றுக்காக வேறொருவர் மன்னிப்புக் கேட்டார். அவர் கேட்டு முடிக்கும்வரை நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். செய்தது நான் என்று சொல்லவில்லை.

இதுதான் என் குற்றம். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இனி வருவதைப் படிக்கும்போது நீங்கள் சில இடங்களில் சிரிப்பீர்கள். சிரியுங்கள், நானும் சிரித்திருக்கிறேன்... சிரித்து ஓய்ந்த பிறகுதான் அது என்னை உறுத்தும்.

நான் இலக்கிய மாணவி. அதிகம் பேசாதவள், பேசினால் பிழையின்றிப் பேச வேண்டும் என்று பிடிவாதம் கொண்டவள். வகுப்பில் யாராவது ஒரு சொல்லைப் பொருள் பிசகிப் பயன்படுத்தினால், செருப்புக்குள் மணல் புகுந்ததுபோல் எனக்கு நிலைகொள்ளாது. அப்படிப்பட்ட நான், ஒரே ஒரு சொல்லால் ஒரு பெண்ணின் புதுத் தொழிலையும் இன்னொரு பெண்ணின் நற்பெயரையும் சேர்த்துக் கவிழ்த்தேன் என்றால் நம்புவீர்களா? நம்புங்கள்!

திருவனந்தபுரத்தில், ஸ்ரீவராகத்தில் எங்கள் வீடு. மழை வருமா என்று அறிய எங்கள் தெருவில் யாரும் வானத்தைப் பார்த்ததில்லை, மின்விசிறியைத்தான் பார்ப்போம். தெருவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை தென்னை மரங்களுக்கிடையே மின்கம்பிகள் தொங்கிக்கொண்டிருந்தன. எங்கோ ஓர் ஓலை சரிந்தால் போதும், எல்லா வீடுகளும் ஒன்றாக இருண்டுவிடும். லைன்மேன்கள் ஒவ்வொரு கம்பமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே போய்ப் பழுதான இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குள் அம்மா அரைத்து முடிக்காத சட்னி மிக்ஸியிலேயே நிறம் மாறியிருக்கும்.

இந்த நிலையை மாற்றத்தான் ஷீஜா சேச்சி வந்தார். மின்வாரியத்தின் இளம் பொறியாளர். தலையில் மஞ்சள் நிறத் தொப்பி, கையில் எப்போதும் பாதி குடித்த தண்ணீர்ப் புட்டி. கம்பிகளை இறக்கிவிட்டு, மண்ணுக்கடியில் கேபிள் பதிக்கப் போவதாகச் சொன்னார். தெருமுனையில் ஆளுயரத்துக்குப் பச்சை நிறப் பெட்டி ஒன்று வருமாம்.

அந்தப் பெட்டி எதற்கு என்று எங்கள் தெருக்காரர்கள் சூழ்ந்துகொண்டு கேட்டபோது அவர் கொடுத்த விளக்கம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கிழக்கேகோட்டையிலிருந்து இங்கே வரும் சாலையை அடைத்துவிட்டால் பஸ் வராமலா போகிறது, சுற்றிக்கொண்டு வேறு வழியாக வருகிறதல்லவா என்றார். இதுநாள்வரை எங்கள் மின்சாரத்துக்கு ஒரே வழிதான். இனி அது ஒரு வளையம். ஒரு பக்கம் அறுந்தால் மறு பக்கத்திலிருந்து வந்துவிடும். அந்தத் திருப்பத்தைச் செய்யும் இடம்தான் பச்சைப் பெட்டி. எவ்வளவு தெளிவான உவமை! நான் அந்தக் கணத்திலேயே ஷீஜா சேச்சியின் ரசிகையாகிவிட்டேன்.

எங்கள் தெரு பழைய தமிழ் அக்கிரகாரம், தெருக்காரர்களுக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் சந்து அப்படியல்ல. அங்கே வாடகை அறைகளில் தமிழ்நாட்டின் தென்கோடியிலிருந்து கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் வந்தவர்கள் குடியிருக்கிறார்கள். பகலில் எல்லோரும் வேலைக்குப் போய்விட, ஒரே ஓர் அறையில் மட்டும் ஆள் இருக்கும். கூடவே ஒரு கிரைண்டரும் ஓடிக்கொண்டிருக்கும். அதுதான் இசக்கி அக்காவின் அறை.

இசக்கி அக்கா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. கணவர் கொல்லத்தில் ஒரு கட்டடத்தில் வேலையாக இருந்தார். அக்கா இட்லி மாவு அரைத்து எங்கள் தெருவில் விற்றார். மலையாளத்தில் அவருக்கு அப்போது தெரிந்த ஒரே சொல் 'மதி'. போதும் என்று பொருள். அதையும் யாராவது அதிகமாகப் பேரம் பேசினால் மட்டுமே பயன்படுத்துவார்.

அந்த வாரம் அவருக்குப் பெரிய வாய்ப்பு ஒன்று வந்திருந்தது. நகரின் மறு கோடியிலுள்ள கழக்கூட்டத்தில் மென்பொருள் நிறுவனப் பெண்கள் தங்கும் ஒரு விடுதியில், முதல் நாள் கொண்டுவரும் மாவு நன்றாக இருந்தால் அன்றாடம் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். மறுநாள் மதியத்துக்குள் மாவு அங்கே போய்ச் சேர வேண்டும். இனிமேல் தெருத்தெருவாகத் தூக்குச் சட்டியோடு நடக்க வேண்டியதில்லை, ஆட்டோவில்தான் போகப் போகிறேன் என்று அவர் எங்கள் வீட்டு வாசலில் நின்று நடித்தே காட்டினார்.

மின்தடை பற்றிய குறுஞ்செய்தி அவருக்கு வராது. மின் மீட்டர், அந்த அறையின் உரிமையாளர் பெயரில் இருந்தது. உரிமையாளர் வளைகுடாவில் இருந்தார். ஆகவே ஸ்ரீவராகத்துச் சந்தில் எப்போது கரண்டு போகும் என்பது பாலைவனத்தில் இருக்கும் ஒருவருக்கு மட்டும் தவறாமல் தெரிந்துகொண்டிருந்தது! இதை அறிந்த ஷீஜா சேச்சி, அன்று மாலை கேபிள் பணியைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது என்னை அழைத்தார்.

"நாளெ ராவிலெ லைன் ஓஃப் செய்யும். ஆ மாவரய்க்குந்ந அக்கயோடு ஒந்நு பறயணே, மைதிலீ."

நாளைக் காலையில் இணைப்பைத் துண்டிப்போம், மாவு அரைக்கும் அக்காவிடம் சொல்லிவிடு என்பது செய்தி. மலையாளத்தில் 'ராவிலெ' என்றால் காலையில். இதில் எந்தச் சிக்கலும் இல்லை.

சிக்கல் என் வாயில் இருந்தது.

காலைப்பொழுதை எங்கள் வீட்டில் 'காலம்பற' என்போம். அந்தச் சொல்லை ஒருமுறை நான் சொல்லக் கேட்டு இசக்கி அக்கா, சினிமாவில் பேசுகிற மாதிரி இருக்கிறதே என்று சிரித்திருந்தார். கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை. ஆனாலும் நான் கூசிப்போனேன். அன்றிலிருந்து அவர் முன்னால் அக்கிரகாரத்துப் பெண்ணாகத் தெரியக் கூடாது என்று ஒரு வீம்பு. சரி, 'காலையில்' என்று சொல்லியிருக்கலாமே? என் வாயில் அது பாடப்புத்தகத்தை உரக்க வாசிப்பதுபோல் வரும். இரண்டையும் தள்ளிவிட்டேன். கல்லூரியில் தோழிகளோடு தமிழில் பேசும்போதுகூட எங்கள் நாவில் இயல்பாக வருவது எதுவோ அதையே எடுத்தேன்.

"அக்கா, நாளைக்கு ராவிலே கரண்டு இருக்காது."

சங்கரன்கோவிலில் ராவு என்றால் இரவு.

உங்களுக்கு இப்போது புரிந்துவிட்டது. எனக்கு அப்போது புரியவில்லை! அந்தச் சொல் மலையாளத்திலிருந்து வந்ததென்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அது என்னுடைய சொல்லாகி எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

"நாளைக்கு ராவுலதான? அதுக்குள்ள மாவு கழக்கூட்டம் போய்ச் சேந்துரும், தாயீ," என்றார் அக்கா.

இன்றைக்கே அரைத்துவிடுவார் என்று நான் எடுத்துக்கொண்டேன். அவர் 'ராவுல' என்று திருப்பிச் சொன்னதை என் காது கேட்டது. நான் தலையாட்டினேன்... ஆம், தலையாட்டினேன்! சொற்களைக் கேட்பதையே படிப்பாகக் கொண்டவள், ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு வீட்டுக்குத் திரும்பினேன்.

மறுநாள் காலையில் இசக்கி அக்கா ஊறிய உளுந்தைக் கிரைண்டரில் போட்டார். கல் சில சுற்றுகள் சுற்றியது. நின்றது. எப்போதும் போவதுபோல் போயிருக்கிறது, வந்துவிடும் என்று காத்திருந்தார். வரவில்லை. மதியம்வரை வராது என்று தெரிந்தபோது, பாதி அரைந்த உளுந்தையும் ஊறிய அரிசியையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வேறு பகுதியிலிருந்த ஒரு மாவு மில்லுக்கு ஓடினார். அங்கே கூட்டம். அரைத்து வாங்கிக்கொண்டு, நெடுஞ்சாலையின் நெரிசலில் ஊர்ந்து விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் வேறிடத்தில் மாவு வாங்கியிருந்தார்கள். முதல் நாளே இப்படியென்றால் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

திரும்பி வந்த அக்கா நேராகத் தெருமுனைக்குப் போனார். பச்சைப் பெட்டிக்காகத் தோண்டிய குழியின் விளிம்பில் ஷீஜா சேச்சி நின்றுகொண்டிருந்தார். சத்தம் கேட்டு நான் ஓடிப்போனேன். அங்கே நான் கண்ட சண்டையைப்போல் ஒன்றை நீங்கள் எங்குமே கண்டிருக்க மாட்டீர்கள்.

"நேத்து என்ன சொல்லி விட்டிய? ராவிலேன்னுதான சொல்லி விட்டிய?"

"அதெ அக்கா, ராவிலெ என்னு தன்னெயா பறஞ்ஞது."

"அதத்தான் நானும் சொல்லுதேன். ராவிலேன்னு சொன்னீயளா, இல்லியா?"

"பறஞ்ஞு. ராவிலெ."

இருவரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள். இருவரும் அதை முழு மனதோடு ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொள்ள ஒப்புக்கொள்ளக் கோபம் ஏறியது! குழிக்குள் நின்ற தொழிலாளர்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு இந்த முகத்தையும் அந்த முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார்கள். அவர்கள் வடக்கேயிருந்து வந்தவர்கள். இரண்டு மொழியும் தெரியாது. இரண்டும் தெரிந்த ஒரே ஆள் அந்த இடத்தில் நான்தான்.

அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. உள்ளங்கால்வரை உறைத்தது.

இசக்கி அக்கா என் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லு தாயீ. அவிய என்ன சொன்னாவ?"

இங்கேதான் நீங்கள் என்னைக் கவனிக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. 'அக்கா, மலையாளத்தில் அதற்குக் காலை என்று பொருள், நான்தான் மாற்றிச் சொல்ல மறந்தேன்.' இவ்வளவுதான். ஏன் வரவில்லை? அக்காவின் கண்கள் சிவந்திருந்தன. எங்கள் தெருக்காரர்கள் இருவர் தூரத்தில் தங்கள் வாசலுக்கு வந்து எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'படிக்கிற பெண்' என்ற பெயர் ஒன்றுதான் எனக்கு அந்தத் தெருவில் இருந்தது...

"ராவிலேன்னுதான் சொன்னாங்க, அக்கா," என்றேன்.

உண்மை. ஓர் எழுத்துகூட மாற்றாத உண்மை.

அக்கா ஷீஜா சேச்சியைப் பார்த்துக் கையை விரித்தார். சொன்னது ஒன்று, செய்தது ஒன்று, என் பிழைப்பு போயிற்று என்று சொல்லிக்கொண்டே போனார். அக்கா பேசிய வேகத்தில் எதுவும் புரியாத ஷீஜா சேச்சி என்னைப் பார்த்தார். நான் மலையாளத்தில், நேரம் மாறிப்போய்விட்டது என்று அக்கா வருந்துவதாகச் சொன்னேன். இதுவும் உண்மை!

ஷீஜா சேச்சியின் முகம் வாடியது. அன்று ஆட்கள் சீக்கிரமே வந்துவிட்டதால், குறித்த நேரத்துக்குச் சற்று முன்னதாகவே இணைப்பைத் துண்டித்திருந்தார்களாம். அதனால்தான் அக்காவின் மாவு கெட்டது என்று அவர் நினைத்துவிட்டார். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"தெற்று என்றெயா, அக்கா. க்ஷமிக்கணம்."

தவறு என்னுடையது, மன்னிக்க வேண்டும் என்றார். அதை நான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. 'தவறு என்னுடையது, மன்னிக்க வேண்டும்' என்று என் வாயாலேயே சொன்னேன். சொல்லிவிட்டு, அது ஷீஜா சேச்சி சொன்னது என்று தெரிவதற்காக அவர் பக்கம் கையையும் காட்டினேன்.

அதன் பிறகு நடந்தவை எல்லாம் நல்லவை. என்னைத் தண்டிக்கும் விதமாக ஒன்றுகூட நடக்கவில்லை!

அன்றிலிருந்து ஷீஜா சேச்சி அக்காவைக் கேட்காமல் அந்தச் சந்தின் இணைப்பைத் தொட்டதில்லை. லைன்மேன்கள் கம்பத்தில் ஏறுமுன் சந்துக்குள் எட்டிப்பார்த்து, "அக்கா, அரச்சு கழிஞ்ஞோ?" என்று குரல் கொடுப்பார்கள். அக்கா உள்ளேயிருந்து "மதி" என்பார். அரைத்தாயிற்று, கழற்றிக்கொள்ளலாம் என்று பொருள். ஒரு கிரைண்டரின் அனுமதி பெற்று மின்தொகுப்பை நவீனப்படுத்திய ஊர் வேறெங்காவது உண்டா?

அக்கா ஷீஜா சேச்சிக்கு ஒரு பெயரும் வைத்தார். ராப்பகல் மேடம். ராவுக்கும் பகலுக்கும் வேறுபாடு தெரியாதவர் என்று பொருள். எங்கள் தெரு முழுக்க அது பரவிவிட்டது. "ராப்பகல் மேடம் வந்தாச்சு, கிரைண்டரை நிறுத்துங்கோ," என்று என் அம்மாவே வாசலில் நின்று சிரித்தாள். பெயர் ஷீஜா சேச்சியின் காதுக்கும் எட்டியது. என்ன பொருள் என்று என்னிடம்தான் கேட்டார்.

"ராவும் பகலும்," என்றேன்.

மலையாளத்திலும் 'ராவு' என்று மட்டும் வந்தால் இரவுதான். இரவு பகலாக உழைக்கிறவர் என்று தன்னை அழைப்பதாக அவர் மகிழ்ந்துபோனார். லைன்மேன்களிடம் சொல்லிப் பெருமைப்பட்டார். நான் சொன்னது சொல்லுக்குச் சொல் சரியான பொருள்... இல்லையா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பாதியில் நிறுத்தினால் இது ஒப்புதலாகாது. அந்தப் பருவத்தில் எங்கள் வகுப்பில், தமிழிலும் மலையாளத்திலும் ஒரே வடிவில் இருந்து வேறு பொருள் தரும் சொற்களைப் பற்றி நான் கருத்தரங்கில் பேசினேன். மலையாளத்தில் 'அவசரம்' என்றால் வாய்ப்பு என்பதில் தொடங்கினேன். நடுவில் அந்தக் குழிக்கரைச் சண்டையைச் சொன்னேன். இரண்டு பெண்களின் குரலிலும் நடித்தே காட்டினேன்! எப்போதும் தலைகுனிந்து படிக்கும் நான் இப்படிச் சிரிக்க வைப்பேன் என்று யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பேராசிரியர், இந்தச் செய்தியை அந்த அக்காவுக்கு எடுத்துச் சொன்னது யார் என்று கேட்டார்.

"யாரோ ஒரு பெண்," என்றேன்.

மழைக்காலம் வந்தது. பச்சைப் பெட்டியும் அதற்குமுன் வந்து உட்கார்ந்துவிட்டிருந்தது. ஒரு நாள் பிற்பகலில் பேய்க்காற்று. பெரிய சாலையில் ஒரு மரமே மின்கம்பிமேல் சாய்ந்துவிட்டது. நான் மாவு வாங்க இசக்கி அக்காவின் அறையில் இருந்தேன். விளக்கு அணைந்தது. கிரைண்டர் முனகி நின்றது. அக்கா இடுப்பில் கைவைத்து, வழக்கமாகச் சொல்லும் வசவின் முதல் பாதியைச் சொன்னார். இரண்டாம் பாதி வருவதற்குள் விளக்கு எரிந்தது! கல் மறுபடி உருளத் தொடங்கியது. மறு பக்கத்திலிருந்து, சுற்றுவழி பஸ்ஸைப்போல, மின்சாரம் வந்துவிட்டிருந்தது.

"ஏ, இது நல்லாருக்கே," என்றார் அக்கா. கிரைண்டரைத் தட்டிக்கொடுத்தார்.

தெருவில் அன்று திருவிழாக் களை. ஜன்னல் ஜன்னலாக ஆட்கள் எட்டிப்பார்த்து, உங்கள் வீட்டில் இருக்கிறதா, எங்கள் வீட்டில் இருக்கிறது என்று மழையில் கத்திக்கொண்டார்கள். அக்கா ஷீஜா சேச்சிக்கென்று ஒரு தூக்கு நிறைய மாவு எடுத்து வைத்தார். எடுத்து வைத்தபடியே, "நல்ல பொம்பளதான் பாத்துக்கோ. நேரம் மட்டும் சொல்லத் தெரியாது," என்றார். பிறகு, கேட்காமலேயே, எனக்கும் ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றினார். கழக்கூட்டத்து விடுதி மட்டும் அவரை மறுபடி கூப்பிடவே இல்லை. அவர் இன்னும் தூக்குச் சட்டியோடுதான் நடக்கிறார்.

இப்போது இசக்கி அக்கா மலையாளம் கற்றுக்கொண்டுவருகிறார். மீன்காரியிடம் ஒரு சொல், லைன்மேன்களிடம் ஒரு சொல். ஒவ்வொன்றையும் என்னிடம் கொண்டுவந்து சரிபார்த்துக்கொள்வார். நானும் சிரித்தபடி சரிபார்ப்பேன், அந்த ஒரு சொல் என்றைக்கு வருமோ என்று காத்திருப்பேன். சென்ற வாரம் பொழுதுகளுக்கு வந்துவிட்டார்.

"மத்தியானத்துக்கு உச்ச. சாயங்காலத்துக்கு வைகிட்டு. சரிதான தாயீ? அப்பம் காலைக்கு என்ன?"

மாவு வாளிக்கு முன் நான் நின்றிருந்தேன். இரண்டாவது முறையாக ஒரு கதவு திறந்திருந்தது. அந்தச் சொல்லை மட்டும் சொன்னால் போதும். அக்கா கெட்டிக்காரர், மற்றதை அவரே சேர்த்துப் பார்த்துக்கொள்வார். குழிக்கரையும், தொப்பியைக் கழற்றிய ஷீஜா சேச்சியும், தலையாட்டிய நானும், எல்லாம் வரிசையாக அவர் கண் முன் வந்து நிற்கும்.

"பிரபாதம்," என்றேன்.

சரியான மலையாளம். நிகண்டில் இருக்கிறது, கவிதைகளில் இருக்கிறது. சந்தையில் ஒருவர்கூடச் சொல்லமாட்டார்.

அக்கா அதை வாய்க்குள் உருட்டிப் பார்த்துப் பழகிக்கொண்டார். நேற்று, பச்சைப் பெட்டியைச் சோதிக்க ஷீஜா சேச்சி வந்தபோது, அக்கா சந்து முனையிலிருந்தே குரல் கொடுத்தார்.

"மேடம், நாளைக்கு பிரபாதத்துல வாங்க. மாவு தாறேன்."

ஷீஜா சேச்சி பெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இதை யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டார். அக்கா முகமெல்லாம் மலர, என் தோளில் கைபோட்டு என்னை முன்னே இழுத்து நிறுத்தினார்.

"இவதான். படிச்ச பிள்ள. தப்பாச் சொல்லுமா?"

ஷீஜா சேச்சி திருத்துவதற்காக வாயெடுத்தார். 'ராவிலெ' அவர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அக்காவின் பெருமிதத்தைப் பார்த்து மனம் மாறிவிட்டார் போலும். "அது மதி அக்கா, அது தன்னெ மதி," என்றார். அதுவே போதும், அப்படியே சொல்லுங்கள்.

மூவரும் சிரித்தோம். அக்காவின் கை என் தோளில் மாவின் ஈரத்தோடு இருந்தது.

இல்லை, தவறாகச் சொல்லமாட்டேன். தொடக்கத்திலிருந்து திரும்பிப் பாருங்கள்... நான் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை.